இன்னொரு தட்டு யாருக்கு?

என் தங்கை மகளுக்கு நாலு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஐந்து பேருக்கு ஆறு தட்டு. ஆறாவது தட்டில் அரை இட்லி, சட்னி இல்லாமல். நான் அந்த நாற்காலியை இழுத்ததும் குழந்தை கத்தினாள்: “மாமா, அங்க உக்காராதீங்க, அவன் இருக்கான்.” அவன் யாரென்று கேட்டேன். அவனுக்குச் சட்னி காரம், பல் தேய்க்க மாட்டான், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனுக்கு வீடு, கூப்பிட்டால் சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான். இப்படி மளமளவென்று விவரம் வந்தது.

அன்று முழுக்க அந்த வீட்டில் நான் கவனித்தது குழந்தையை அல்ல, பெரியவர்களை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குழந்தை இனிப் போகக்கூடாது என்றார். தங்கை கணவர் அலைபேசியில் எதையெதையோ படித்துவிட்டு, நல்ல மனநல மருத்துவர் யாராவது தெரியுமா என்று என்னிடம் கேட்டார். தங்கை சமையலறைக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்: “அண்ணா, நான் வேலைக்குப் போறதாலதான் இப்படியா?” ஆக ஒரே அரை இட்லிக்கு மூன்று விளக்கங்கள். பேய், நோய், குற்ற உணர்ச்சி. நான் மட்டும் விடாமல் குழந்தையிடம் அவனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளுக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. என் முழங்கையைத் தட்டி, “மாமா, அது சும்மாதான். நெஜமா யாரும் இல்ல” என்றாள்.

கற்பனைத் தோழனை வைத்து எடுக்கப்பட்ட திகில் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எண்பது வருடச் சினிமாவில் இந்த ஒரு சரக்கு திரும்பத் திரும்ப விலை போயிருக்கிறது. எல்லாப் படமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: குழந்தை பேசிக்கொண்டிருப்பது யாரோடு? சினிமா சொல்லும் பதில்களும் என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த அந்த மூன்றைத் தாண்டவில்லை என்பதே என் கணிப்பு. எந்தப் பதிலை எடுத்துக்கொண்டது என்பதை வைத்தே படத்தின் தரத்தையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் சொல்வதைப் பார்த்துவிடலாம். கற்பனைத் தோழர்களைப் பற்றி அமெரிக்காவில் 1895லேயே கிளாரா வோஸ்ட்ரோவ்ஸ்கி என்பவர் ஓர் ஆய்வு எழுதியிருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இது தனிமையின் அடையாளம், குறைபாட்டின் அடையாளம் என்றே பலர் நினைத்துவந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஆரிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஜரி டெய்லர். அவருடைய புத்தகம் 1999இல் வந்தது. 2004இல் அவரும் ஸ்டெஃபனி கார்ல்சனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 100 குழந்தைகளில் 65 சதவீதம் பேருக்கு ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி ஒரு தோழமை இருந்தது தெரிந்தது. உயிருள்ளதாக நடத்தப்படும் பொம்மைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி. மூன்றில் இரண்டு குழந்தைக்கு இருப்பதை வியாதி என்று எப்படிச் சொல்வது?

டெய்லர் சொல்லும் இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வாளர்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்து தோழனின் உயரம், முடி, உடுப்பு என்று தீவிரமாக விசாரிக்கும்போது, பல குழந்தைகள் நடுவில் நிறுத்தி, இது விளையாட்டுதான் என்று அவர்களுக்கு நினைவூட்டுகிறார்களாம். பெரியவருக்கு ஏதோ குழம்பிவிட்டது என்ற கவலைதான் காரணம். முழங்கையில் விழுந்த அந்தத் தட்டு எனக்கு மட்டும் விழுந்ததல்ல என்று படித்தபோது ஆறுதலாக இருந்தது. இந்தத் தோழர்கள் சொல்பேச்சுக் கேட்காதவர்கள், கூப்பிட்டால் வராதவர்கள், விளையாட்டைக் கெடுப்பவர்கள் என்று குழந்தைகளே புகார் சொல்வதும் அவருடைய ஆய்வுகளில் உண்டு. தானே படைத்தது தன் பேச்சைக் கேட்பதில்லை. கதை எழுதுகிறவர்கள் தங்கள் பாத்திரங்களைப் பற்றிப் புலம்புவதும் இதைத்தானே.

செல்மா ஃப்ரைபர்க் 1959இல் எழுதிய ‘தி மேஜிக் இயர்ஸ்’ புத்தகத்தில் ஒரு புலி வருகிறது. இரண்டரை வயது தாண்டிய சிறுமி ஒருத்தியின் புலி அது. கடிக்காது, உறுமாது, சிரிக்கும். ஃப்ரைபர்க் அதை அந்தச் சிறுமியின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கிறார். பல்லுள்ள மிருகம் எதைக் கண்டாலும் அவளுக்குக் கிலி. எதைக் கண்டு நடுங்கினாளோ அதையே கூப்பிட்டுப் பல்லைப் பிடுங்கி, சிரிக்கப் பழக்கி, வீட்டுக்குள் தன் கட்டளைக்கு வைத்துக்கொண்டாள். பயத்தை வளர்ப்பு மிருகமாக்கும் கலை இது. பியாஜேயின் மகள் ஷாக்லினுக்கும் பறவை போன்ற ஒரு பிராணி கூட இருந்தது. பறவைக்கான பிரெஞ்சுச் சொல்லைக் கொஞ்சம் கோணலாக்கி அதற்கு ‘அசோ’ என்று பெயர் வைத்திருந்தாள். அப்பா குழந்தை உளவியலாளராகவே இருந்ததால் அது வரலாற்றில் ஏறிவிட்டது. இல்லாவிட்டால் நம் வீட்டுச் சொப்புச் சாமானில் வேகும் சோறு மாதிரி யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

குழந்தைக்கு எல்லாம் தெளிவு, பயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பால் ஹாரிஸும் சகாக்களும் 1991இல் வெளியிட்ட ஒரு சோதனையில் நாலு வயதும் ஆறு வயதுமான குழந்தைகளுக்குக் காலிப் பெட்டியைக் காட்டி, உள்ளே ஓர் அரக்கன் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். சும்மாதானே என்று கேட்டால், ஆமாம், சும்மாதான் என்றார்கள். ஆனால் ஆய்வாளர் அறையை விட்டுக் கிளம்பியதும் சிலருக்கு உதறல் எடுத்தது. போகாதீர்கள் என்றவர்களும் உண்டு. பொய்யென்று தெரியும், ஆனாலும் ஒருவேளை? இந்த ‘ஒருவேளை’யில்தான் திகில் படம் கடை விரிக்கிறது. இருட்டு அரங்கில் பணம் கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாமும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த நாலு வயதுதான்.

கற்பனைத் தோழனைப் பயங்கரமாக்கும் வேலை சினிமாவுக்கு முன்பே எழுத்தில் தொடங்கிவிட்டது. ஜான் கோலியர் 1940இல் எழுதிய ‘தஸ் ஐ ரெஃப்யூட் பீல்ஸி’ என்ற சிறுகதையை இந்த வகை முழுவதற்கும் மூலச்சூத்திரம் என்பேன். சைமன் என்ற சிறுவன் தோட்டத்தில் தினமும் மிஸ்டர் பீல்ஸியோடு விளையாடுகிறான். அப்பா பல் மருத்துவர். எதையும் அறிவுப்பூர்வமாக அணுகுவதில் பெருமை கொண்டவர். பிள்ளையை நண்பன்போல நடத்துவதாக நினைப்பு. அந்த நட்பின் பெயரால் விசாரணை நடக்கிறது: பீல்ஸி நிஜமா, கற்பனையா, சொல். பையன் பின்வாங்குவதில்லை. அப்பா அடிக்க மாடிக்குப் போகிறார். பிறகு ஓர் அலறல். மாடிப்படியில் ஒரு செருப்பு கிடைக்கிறது, உள்ளே பாதத்தோடு. சில பக்கக் கதைதான். ஆனால் யாருக்கு என்ன நடக்கும் என்பதை அது ஒரேயடியாகத் தீர்மானித்துவிட்டது. ஆபத்து குழந்தைக்கு வரவில்லை. நம்பாத பெரியவருக்கு வருகிறது.

இந்த மூலத்திலிருந்து மிக எளிதாகக் கிளைத்தது பாட்டியின் பதில்: தோழன் என்பது பேய் அல்லது பிசாசு. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ 1973இல் வந்தது. அதில் சிறுமி ரீகனைப் பிடிக்கும் சாத்தான் முதலில் வருவது கேப்டன் ஹவுடி என்ற பெயரில், ஆவி பேசும் பலகை வழியாக, ஒரு விளையாட்டுத் துணையாக. 1979இன் ‘தி அமிட்டிவில் ஹாரர்’ படத்துச் சிறுமிக்கு ஜோடி. 2011இன் ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி 3’இல் டோபி. 2024இல் ‘இமாஜினரி’ என்று தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்த படத்தில் ஒரு கரடி பொம்மை. இவற்றில் ‘எக்ஸார்சிஸ்ட்’ மட்டும் வேறு காரணங்களுக்காகப் பெரிய படம். மற்றவற்றில் குழந்தை வெறும் கதவு. பிசாசு உள்ளே வர ஒரு வழி. கதவைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. நள்ளிரவில் குழந்தை மூலையைப் பார்த்துப் பேசும், கேமரா மெல்ல மூலைக்குத் திரும்பும், அங்கே ஒன்றுமிருக்காது, திரும்பினால் சத்தம். இதை நாலு படத்தில் பார்த்துவிட்டால் ஐந்தாவதில் கொட்டாவி வரும்.

இந்தி ‘வாஸ்து சாஸ்திரா’ ராம் கோபால் வர்மாவின் தயாரிப்பில் 2004இல் வந்தது. புது வீடு, வாசலில் ஒரு மரம், யார் கண்ணுக்கும் தெரியாத நண்பர்களோடு பேசும் சிறுவன். பேய்க்கதைதான்; வர்மாவின் பட்டறையில் அப்போது வாரியிறைத்த ஓசைகளோடு. தமிழில் இந்த வரிசையில் நான் முதலில் சொல்வது ‘ஆனந்தபுரத்து வீடு’. ‘மர்ம தேசம்’ தொடரால் வீடுவீடாகத் தெரிந்த நாகா 2010இல் இயக்கியது; ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் தயாரிப்பு. கடன் நெருக்கும் தகப்பன், பேச்சு வராத பிள்ளை, ஊரில் பூர்வீக வீடு. அந்த வீட்டில் பிள்ளையோடு விளையாட யாரோ வருகிறார்கள். மேலைநாட்டுப் படமாக இருந்தால் அடுத்த காட்சியில் பாதிரியாரை அழைத்திருப்பார்கள். இங்கே வந்தவர்கள் செத்துப்போன தாத்தாவும் பாட்டியும். காவலுக்கு வந்திருக்கிறார்கள். படம் எல்லா இடத்திலும் கூடிவரவில்லை. ஆனால் செத்தவர் சொந்தக்காரர் என்றால் பயப்பட என்ன இருக்கிறது என்ற அந்த ஒரு எண்ணம் நம் ஊர்க்காரருக்குத்தான் தோன்றும். தொட்டிலில் குழந்தை தூக்கத்தில் முகம் சுளித்தால் நரி விரட்டுகிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற சனம் நாம்.

இனி நான் நிதானமாகப் பேச விரும்பும் படங்கள். அவற்றில் முதலாவது வந்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது. அதன் பெயரே அதற்குச் செய்த துரோகம்: ‘தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்’, 1944. ஆர்கேஓ நிறுவனத்தில் குறைந்த செலவுத் திகில் படங்களுக்குப் பொறுப்பாளராக இருந்த வால் லூட்டனிடம் மேலிடம் முதலில் தலைப்பைத்தான் கொடுக்கும். அதற்கு ஏற்றபடி அவர் படம் எடுத்துத் தரவேண்டும். 1942இல் அவர் எடுத்த ‘கேட் பீப்பிள்’ நன்றாக ஓடியதால் இரண்டாம் பாகம் கேட்டார்கள். லூட்டனோ பூனையும் சாபமும் இல்லாத ஒரு படத்தை எடுத்தார். ‘ஏமியும் அவள் தோழியும்’ என்று பெயர் வைக்க ஆசைப்பட்டார், நடக்கவில்லை. முதல் இயக்குநர் குந்தர் வான் ஃப்ரிட்ச் வேகம் போதாதென்று நடுவில் மாற்றப்பட, படத்தொகுப்பாளராக இருந்த ராபர்ட் வைஸ் வந்தார். பின்னாளில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுத்த அதே வைஸுக்கு இயக்குநராக முதல் படம் இது.

கதை 70 நிமிடம். ஆறு வயது ஏமிக்குச் சேக்காளிகள் இல்லை. பிறந்தநாள் விருந்துக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்த்தால், அழைப்பிதழ்களை ஏமி ஒரு மரப்பொந்தில் போட்டிருக்கிறாள். அது மந்திரத் தபால்பெட்டி என்று எப்போதோ அவள் அப்பா விளையாட்டுக்குச் சொன்னதுண்டு. அவர் அன்றே மறந்துபோனார், அவள் மறக்கவில்லை. இந்த ஒரு காட்சியில் படத்தின் வழக்கு முழுக்க இருக்கிறது. கற்பனையைப் பிள்ளையின் கையில் கொடுத்தவர் அப்பா. அதைப் பிடித்துக்கொண்டாள் என்று அவளைக் கண்டிப்பவரும் அப்பா.

ஏமி ஒரு தோழி வேண்டுமென்று ஆசைப்பட, தோட்டத்துக்கு ஒருத்தி வருகிறாள். அப்பாவின் செத்துப்போன முதல் மனைவி ஐரீனாவின் முகம் அவளுக்கு. முதல் படத்தில் தன்னைச் சிறுத்தையென்று நம்பி மாண்டவள். இந்த வீட்டில் அவள் பெயரை எடுக்க யாருக்கும் தைரியமில்லை. ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டதும், இவள்தான் என் தோழி என்கிறாள் ஏமி. அப்பாவுக்கு ரத்தம் உறைகிறது. தோட்டத்தைக் காட்டி, அங்கே யாருமில்லை என்று சொல்லச் சொல்கிறார். அவளால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அங்கே தோழி நிற்கிறாள். முதன்முறையாக அடி விழுகிறது. அடிக்கிறவரின் கையில் இருப்பது அவருடைய பழைய கதை என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், ஆறு வயதுக்காரிக்குத் தெரியாது.

ஐரீனா ஆவியா, கற்பனையா? படம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதே அதன் பலம். முடிவில் பனி கொட்டும் இரவில் ஏமி ஒரு பழைய வீட்டில் சிக்கிக்கொள்கிறாள். அங்கே பார்பரா என்பவள், பெற்ற தாயே தன்னை மகளில்லை என்று மறுக்கும் துக்கத்தில் புழுங்கியவள், ஏமியின் கழுத்தை நெரிக்கக் காத்திருக்கிறாள். ஏமிக்கு அவள் முகத்தில் தோழியின் முகம் தெரிகிறது. போய்க் கட்டிக்கொள்கிறாள். முதுகில் ஏறிய அந்தக் கைகள் தளர்கின்றன. கடிக்க வந்த மிருகம் சிரிக்கக் கற்றுக்கொள்கிறது. ஃப்ரைபர்க் எழுதியதற்குப் பதினைந்து வருடம் முன்பே லூட்டன் இதைப் படமாக்கிவிட்டார். பிறகு தோட்டத்தில் நின்று, எனக்கும் உன் தோழி தெரிகிறாள் என்று மகளிடம் சொல்கிறார் அப்பா. உண்மையில் அவர் தோட்டத்தைப் பார்க்கவேயில்லை, அவளைத்தான் பார்க்கிறார். பேய்ப் பட வரிசையில் வைக்கப்பட்ட இதைக் குழந்தை உளவியல் வகுப்புகளில் காட்டினார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

‘தி ஷைனிங்’ எல்லோரும் பார்த்த படம். ஆனால் எல்லோரும் பார்த்தது ஒரே படமல்ல. 1980இல் அமெரிக்காவில் வெளியான பிரதியிலிருந்து சுமார் 25 நிமிடத்தை வெட்டித்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பினார் குப்ரிக். வெட்டுண்ட காட்சிகளில் ஒன்று இந்த விஷயத்தின் மையம். சிறுவன் டேனியின் வாயில் டோனி என்ற பையன் குடியிருக்கிறான். டேனி ஆள்காட்டி விரலை மடக்கி மடக்கி, கரகரத்த குரலில் டோனியாகப் பேசுவான். அந்த விரல், டேனியாக நடித்த சிறுவன் டேனி லாய்டின் சொந்த யோசனை. தான் நடிப்பது திகில் படமென்றே படப்பிடிப்பில் அவனுக்குச் சொல்லவில்லையாம்.

வெட்டுண்ட காட்சியில் டேனி மயங்கி விழுந்த பிறகு வீட்டுக்கு ஒரு பெண் மருத்துவர் வருகிறார். டோனி எப்போது வந்தான் என்று தாய் வெண்டியிடம் சாதாரணமாக விசாரிக்கிறார். பிள்ளையை நர்சரியில் சேர்த்த சமயம் என்கிறாள் வெண்டி. பிறகு அவனுக்கு ஒரு காயம் பட்டதால் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம், அப்போதுதான் என்று நினைக்கிறேன் என்கிறாள். என்ன காயம்? குடித்துவிட்டு வந்த தகப்பன் இழுத்த இழுப்பில் பிள்ளையின் தோள் விலகிவிட்டது. வெண்டி இதைச் சிரித்த முகத்தோடு, யாருக்கும் நடக்கக்கூடிய ஒன்றுபோலச் சொல்கிறாள். விரலிடுக்கில் சிகரெட்டின் சாம்பல் நீண்டுகொண்டே போகிறது, தட்ட மறந்துவிட்டாள். மருத்துவரின் முகம் மட்டும் மாறுகிறது.

ஸ்டீஃபன் கிங்கின் 1977 நாவலில் டோனிக்கு வேறு விளக்கம். டேனியின் முழுப்பெயரில் நடுவில் இருக்கும் ஆன்டனிதான் டோனி. வளர்ந்த பிறகு அவன் ஆகப்போகும் ஆள். அழகான யோசனைதான். ஆனாலும் அந்தச் சிகரெட் சாம்பல் சொல்வதை நாவலின் விளக்கம் சொல்லவில்லை என்பது என் கட்சி. பிள்ளையின் தோள் விலகிய வீட்டில் டோனி முளைத்தான். கதை நடக்கும் ஹோட்டலுக்குப் போகாதே என்று முதலில் எச்சரித்ததும் அவன்தான். அந்த வீட்டில் பிள்ளையின் பக்கம் நின்ற ஒரே ஆள் வாய்க்குள் குடியிருந்தான்.

பிள்ளையின் தோழனை வைத்து வீட்டையே விசாரித்தவர்கள் இவர்கள் என்றால், நாட்டையே விசாரித்தவர் ஸ்பெயினின் விக்டர் எரிசே. ‘எல் எஸ்பிரிட்டு டே லா கோல்மெனா’ 1973இல் வந்தபோது சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடு இருந்தார். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1940வாக்கில், காஸ்டீல் சமவெளியின் ஒரு கிராமத்துக்கு வண்டியில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படம் வருகிறது. ஆனா என்ற சிறுமி பிரமித்துப்போய்ப் பார்க்கிறாள். அவளாக நடித்த ஆனா டொரெண்ட் அந்தப் படத்தை நிஜமாகவே பார்த்தபோது முகத்தில் வந்ததையே எரிசே படம் பிடித்து வைத்தார். படத்தில் பூதம் ஏன் ஒரு சிறுமியைக் கொன்றது என்று அக்காவிடம் கேட்கிறாள் ஆனா. அக்காவுக்கு வாயில் வந்த பதில்: சினிமாவில் எல்லாம் பொய், அது ஓர் ஆவி, நீ அதன் தோழி என்றால் கண்ணை மூடி, நான்தான் ஆனா என்று சொல், வரும். ஒருநாள் பாழடைந்த கொட்டகையில் அடிபட்ட ஓர் ஆள் ஒளிந்திருக்கிறான், தப்பி வந்தவன். ஆனாவுக்கு அவன்தான் அந்த ஆவி. ஆப்பிள் கொடுக்கிறாள், அப்பாவின் கோட்டைக் கொடுக்கிறாள். இரவில் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். கோட்டுப் பையில் அப்பாவின் பாட்டுக் கடிகாரம் அகப்படுகிறது. மறுநாள் காலைச் சாப்பாட்டில் அப்பா வாய் திறக்காமல் அந்தக் கடிகாரத்தைத் திறந்து அதன் இசையை ஒலிக்க விடுகிறார், எந்தப் பிள்ளையின் முகம் மாறுகிறது என்று பார்க்க. காலைச் சாப்பாட்டு மேசையில் இதைவிடப் பயங்கரமான காட்சி சினிமாவில் எனக்குத் தெரிந்து இல்லை. பேயுமில்லை, ரத்தமுமில்லை.

அதே நாட்டில் 2007இல் பயோனா எடுத்த ‘எல் ஓர்ஃபனாட்டோ’ என் தங்கையின் கேள்விக்கு மிகக் கொடூரமான பதிலைச் சொல்கிறது. லாரா தான் வளர்ந்த அநாதை விடுதிக் கட்டடத்துக்கே தத்துப்பிள்ளை சிமோனோடு குடிவருகிறாள். சிமோனுக்குக் கண்ணுக்குத் தெரியாத நண்பர்கள். தன்னுடைய புது நண்பன் தோமாஸின் சின்ன வீட்டைக் காட்டுகிறேன், வா என்று விருந்து நாளில் அவன் அழைக்கிறான். லாராவுக்கு ஆயிரம் வேலை. வாக்குவாதம் முற்றி அறைந்துவிடுகிறாள். அன்றைக்கே பிள்ளை காணாமல் போகிறான். மாதக்கணக்கில் தேடல், ஆவி எழுப்புகிறவர்கள், இரவில் சுவருக்குள் முட்டும் ஓசைகள். கடைசியில்தான் தெரிகிறது: சிமோன் தோமாஸின் நிலவறையில்தான் இருந்தான். விருந்து நாளில் தேடும் அவசரத்தில் லாரா இரும்புக் கம்பிகளைத் தூக்கிச் சாத்திய இடம் அந்த நிலவறையின் கதவு. அவள் பேயென்று நினைத்த ஓசை, பிள்ளை கதவைத் தட்டிய ஓசை. வா, காட்டுகிறேன் என்று பிள்ளை கூப்பிட்டபோது இரண்டு நிமிடம் போயிருந்தால் படமே இல்லை.

இந்தப் பின்னணியோடு ‘ஹைட் அண்ட் சீக்’ படத்துக்கு வருகிறேன். 2005 ஜனவரியில் வந்தது. இயக்கியவர் ஜான் போல்சன், ராபர்ட் டி நீரோவும் பத்து வயது டகோட்டா ஃபானிங்கும் நடித்தது. விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். வசூல் மட்டும் குறைவில்லை. எனக்கு இதன்மேல் ஒரு தீராத ஆதங்கம் உண்டு. இந்த வரிசையிலேயே ஆகச்சிறந்த கரு இதற்கு வாய்த்தது. அதைக் கடைசி இருபது நிமிடத்தில் கத்தியெடுத்துத் துரத்தும் படமாக்கி வீணடித்துவிட்டார்கள். (படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

டேவிட் நியூயார்க்கில் ஒரு மனநல நிபுணர். ஒரு நள்ளிரவு 2.06 மணிக்குக் கண்விழித்துப் பார்த்தால், மனைவி குளியல் தொட்டியில் இறந்து கிடக்கிறாள். மகள் எமிலியோடு ஊருக்கு வெளியே காட்டோரத்து வீட்டுக்கு மாறுகிறார். எமிலிக்கு சார்லி என்ற தோழன் கிடைக்கிறான். அப்பா தொழில்முறையில் குறிப்பெடுக்கிறார், இசை கேட்டபடி நாட்குறிப்பு எழுதுகிறார். பூனை தொட்டியில் செத்துக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்துபோன பெண் ஒருத்தி சன்னல் வழியாகத் தள்ளப்பட்டுச் சாகிறாள். எல்லாம் சார்லியின் வேலை என்கிறாள் எமிலி.

படத்தின் உச்சம் எந்தக் கொலையிலும் இல்லை, சில அட்டைப் பெட்டிகளில் இருக்கிறது. சார்லியைத் தேடித் தன் படிப்பறைக்குள் நுழைகிறார் டேவிட். இத்தனை நாள் இசை கேட்டு, எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவர் நம்பிய அறை. அங்கே வீடு மாறிய அன்று ஒட்டிய பெட்டிகள் ஒட்டியபடியே கிடக்கின்றன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அப்படியானால் அந்த மணி நேரங்களில் அவர் எங்கே இருந்தார்? வீடு மாறிப் பழகியவர்களுக்கு இந்த அதிர்ச்சி தனி. சார்லி என்பவன் டேவிட்டேதான். மனைவி வேறொருவனோடு இருந்ததைக் கண்ட இரவில் பிளவுபட்டு, அவளைக் கொன்று தற்கொலையாக ஜோடித்தது அந்த இன்னொரு டேவிட்.

மருத்துவர்கள் பார்வையில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, ஒருவருக்குள் பல ஆளுமைகள் என்ற நோயை வரையறுக்கும் இடத்தில், குழந்தைகளின் கற்பனை விளையாட்டுத் தோழர்களை இதன் அறிகுறியாக எடுக்கக்கூடாது என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. மனநல நிபுணரான டேவிட் படம் முழுக்க அந்த எச்சரிக்கையைத் தலைகீழாகச் செய்கிறார். குழந்தையின் தோழனை நோயாக எழுதுகிறார். நோய் பேனா பிடித்த கையில் இருக்கிறது. தங்கை கணவரின் பதிலும் தங்கையின் பதிலும் ஒரே ஆளில் சந்திக்கும் இடம் இது.

எமிலியின் பக்கமிருந்து மறுபடி பார்த்தால் படம் வேறாகிவிடும். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். சார்லிக்கு அப்பாவின் முகம் என்று தெரியும். ஆனாலும் அவள் அவனை அப்பா என்று சொல்லவில்லை. கொன்றவனுக்கு ஒரு பெயர், படுக்கையில் போர்த்திவிடுகிறவருக்கு ஒரு பெயர் என்று பிரித்து வைத்துக்கொண்டால்தான் அம்மா போன வீட்டில் அவளுக்கு ஓர் அப்பாவாவது மிஞ்சுவார். சார்லியின் பெயரைச் சொல்லிச்சொல்லி அவள் தினமும் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஃபானிங்கின் வெளிறிய முகத்திலும் சாயம் ஏற்றிய கருங்கூந்தலிலும் இயக்குநர் பார்த்தது பேய்த்தன்மையை. அதே முகத்தில் அந்தச் சிறுமி நடித்தது களைப்பை என்று எனக்குப் படுகிறது.

தயாரிப்பு நிறுவனம் முடிவு வெளியே கசியக்கூடாதென்று கடைசி ரீலை மட்டும் திரையரங்குகளுக்குத் தனியாக அனுப்பியது. அத்தனை பத்திரமாகக் காத்த முடிவு எது என்பதில் அவர்களுக்கே தெளிவில்லை. பல முடிவுகளைப் படமாக்கி, பிறகு டிவிடியில் சேர்த்து விற்றார்கள். எல்லாவற்றிலும் அப்பா சுடப்பட்டு இறந்துவிடுகிறார். எமிலி, டேவிட்டின் பழைய மாணவி கேத்தரினின் பொறுப்பில் வருகிறாள். அமெரிக்கத் திரையரங்குகளில் வந்த முடிவில் எமிலி பள்ளிக்குக் கிளம்பும் முன் தன்னையே படம் வரைந்துவிட்டுப் போகிறாள். தாளில் இருக்கும் சிறுமிக்கு இரண்டு தலை. இன்னொன்றில் அதே தாள், ஒரே தலை. வேறு சில நாடுகளில் காட்டிய முடிவில் அவளைப் படுக்கவைத்துவிட்டு கேத்தரின் வெளியேறுகிறாள். கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறாள் எமிலி, முடியாது என்று பதில் வருகிறது. பூட்டு வெளியிலிருந்து விழுகிறது. அது வீடல்ல, மனநல மருத்துவமனை. பேய் பிடித்தவளா, நோய் தொற்றியவளா, குணமானவளா என்று பெரியவர்கள் மாற்றி மாற்றி முடிவெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனை முடிவில் எமிலி இருட்டில் எழுந்து, கண்ணைப் பொத்தி எண்ணுகிறாள். எண்ணி முடித்து அலமாரியைத் திறக்கிறாள். உள்ளே ஒரு கண்ணாடி. அதில் தெரிகிற சிறுமியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வருகிறது.